ஒரு நொடியின் விலை

1978 மே மாதம், அமெரிக்காவின் டிஜிட்டல் எக்விப்மென்ட் கார்ப்பரேஷன் என்ற கணினி நிறுவனத்தின் விற்பனைப் பிரிவில் இருந்த கேரி துர்க், தங்கள் புதிய கணினிகளுக்கான விளம்பரத்தை இணையத்தின் முன்னோடியான ஆர்பாநெட் வலையில் இருந்த ஏறக்குறைய 400 பேருக்கு ஒரே மடலாக அனுப்பிவைத்தார். உலகின் முதல் ஸ்பேம் (குப்பை மடல்) என்று இன்று அதைத்தான் சொல்கிறார்கள். அந்த 400 முகவரிகளும் எங்கிருந்து கிடைத்தன என்பது நம் விஷயத்துக்கு மிகவும் முக்கியம். ஆர்பாநெட் பயனர்களுக்கென்று தொலைபேசி டைரக்டரியைப் போல அச்சடித்த புத்தகம் ஒன்று இருந்தது. அதைப் பார்த்து முகவரிகளை ஒவ்வொன்றாகக் கையால் தட்டச்சு செய்தார்கள். பெறுநர் பகுதியில் இடம் போதாமல், மிச்ச முகவரிகள் மடலின் உள்ளேயே வழிந்துபோய், விளம்பரத்தைப் படிப்பதற்கு முன் அடுத்தவர்களின் முகவரிகளைப் படிக்க வேண்டியதாயிற்று. வந்த கண்டனமோ கடுமையாக இருந்தது. ஆனாலும் அடுத்த பதினைந்து ஆண்டுகளுக்கு இந்த வேலை பெரிய தொழிலாக வளரவில்லை. பயனர்களின் பண்பாடும் வலையின் விதிமுறைகளும் அதற்குக் காரணம் என்பார்கள். அவை உண்மையே. அவற்றோடு, ஒரு முகவரியைத் திரட்ட ஆகும் உழைப்பையும் சேர்த்துக்கொள்ள வேண்டும். மடல் அனுப்பக் காசு ஆகாது; யாருக்கு அனுப்புவது என்று தெரிந்துகொள்ளத்தான் செலவு.

தொண்ணூறுகளில் வலைப்பக்கங்கள் வந்ததும் அந்தச் செலவு அடிமட்டத்துக்குப் போனது. பேராசிரியர்கள், சங்கச் செயலாளர்கள், கடைக்காரர்கள் என்று எல்லாரும் தங்கள் முகவரியைத் தாங்களே பக்கத்தின் அடியில் எழுதிவைத்தார்கள். அதோடு ‘மெயில்டூ’ என்ற இணைப்பு வசதியும் சேர்ந்துகொண்டது. அந்த இணைப்பு, பக்கத்தின் மூலநிரலில் ‘இதோ, இங்கே ஒரு முகவரி இருக்கிறது’ என்று அறிவிப்புப் பலகையே வைத்துவிடுகிறது. ஒரு பக்கத்தைத் திறந்து, முகவரியைக் குறித்துக்கொண்டு, அங்குள்ள இணைப்புகள் வழியாக அடுத்த பக்கத்துக்குத் தாவும் சிறு நிரலை யாரும் ஒரு மாலைப் பொழுதில் எழுதிவிடலாம். இவற்றை அறுவடை நிரல்கள் என்கிறார்கள். பெயர் பொருத்தமானதே: விதைத்தவர் ஒருவர், அறுப்பவர் வேறொருவர்.

அறுவடை நிரல் வேலை செய்யும் விதத்தைச் சற்று நெருங்கிப் பார்க்கலாம். அது பக்கத்தைப் படிப்பதில்லை; நிறம், படம், பத்தி எதையும் பொருட்படுத்துவதில்லை. சர்வர் அனுப்பும் எழுத்துச் சரத்தை முதலிலிருந்து கடைசிவரை ஒரே ஓட்டமாக மேய்ந்து @ என்ற குறி எங்கே வருகிறது என்று தேடுகிறது. 1971-இல் ரே டாம்லின்சன் பயனரின் பெயரையும் கணினியின் பெயரையும் பிரித்துக்காட்ட இந்தக் குறியைத் தேர்ந்தெடுத்ததற்குக் காரணமே, அது வேறு எங்கும் அதிகம் புழங்காது என்பதுதான். அந்தச் சிறப்பே பிற்பாடு வினையாயிற்று. குறி கிடைத்ததும் நிரல் இடப்பக்கம் நகர்கிறது. ஆங்கில எழுத்து, எண், புள்ளி, கீழ்க்கோடு, சிறுகோடு இவை தொடரும்வரை எடுத்துக்கொள்கிறது. வலப்பக்கமும் அதேபோல் நகர்ந்து, நடுவில் குறைந்தது ஒரு புள்ளியாவது இருக்கிறதா என்று சரிபார்க்கிறது. இவ்வளவுதான். நிரலாளர்கள் ரெஜெக்ஸ் என்று சொல்லும் தேடல் வடிவமாக இதை ஒற்றை வரியில் எழுதிவிடலாம். 30 கிலோபைட் அளவுள்ள ஒரு பக்கத்தில் இந்தத் தேடல் முடிய ஒரு மில்லிநொடிகூட ஆகாது. (தமிழ் எழுத்திலேயே அமைந்த முகவரிகள் இந்தப் பழைய வடிவங்களின் கண்ணில் படுவதே இல்லை. தமிழுக்கு இப்படி ஒரு பாதுகாப்பு இருக்கும் என்று யாரும் திட்டமிட்டிருக்க முடியாது.)

இந்த அறுவடை எவ்வளவு மும்முரமாக நடந்தது என்பதை 2002-இல் அமெரிக்காவின் கூட்டாட்சி வணிக ஆணையம் அளந்து பார்த்தது. புதிதாக 250 முகவரிகளை உருவாக்கி, இணையத்தில் 175 இடங்களில் போட்டுவைத்துக் காத்திருந்தார்கள். வலைப்பக்கங்களில் போட்டவற்றுள் 86 சதவீதத்துக்கு ஸ்பேம் வந்தது. அரட்டை அறை ஒன்றில் போட்ட முகவரிக்கு முதல் குப்பை மடல் வந்துசேரப் பத்து நிமிடம்கூட ஆகவில்லை. மறு ஆண்டு, சென்டர் ஃபார் டெமாக்ரசி அண்ட் டெக்னாலஜி என்ற அமைப்பு நூற்றுக்கணக்கான முகவரிகளை வைத்து ஆறு மாதம் நடத்திய ஆய்வு இன்னும் தெளிவான படத்தைத் தந்தது. வந்த ஸ்பேமில் 97 சதவீதத்துக்கும் மேல், பொது வலைப்பக்கங்களில் வெளிப்படையாக இருந்த முகவரிகளுக்கே வந்திருந்தது. அதே பக்கங்களில் சற்றே உருமாற்றி எழுதிய முகவரிகளுக்கு ஒன்றுகூட வரவில்லை. @ என்ற குறிக்குப் பதில் ‘ஏட்’ என்று சொல்லாக எழுதியது, அல்லது அந்தக் குறியை எச்டிஎம்எல் எண்குறியாக @ என்று எழுதியது, அவ்வளவுதான் உருமாற்றம். 2005-இல் வணிக ஆணையம் மறுபடி சோதித்தபோது, வெளிப்படையான முகவரிகளுக்குச் சில வாரங்களில் 6,400-க்கும் மேற்பட்ட குப்பை மடல்கள் வந்தன. உருமாற்றியவற்றுக்கு வந்தது ஒன்றே ஒன்று.

இங்கேதான் உலாவிக்குள் ஓடும் நிரல்மொழியான ஜாவாஸ்கிரிப்ட் வருகிறது. எண்குறி முறையில் ஒரு பலவீனம் உண்டு. @ என்பதை @ என்று மாற்றுவது எச்டிஎம்எல் மொழியின் அடிப்படை விதி; அதைச் செய்துதரும் ஆயத்த நிரல்கள் எல்லாக் கணினி மொழிகளிலும் இருக்கின்றன. அறுவடைக்காரர் ஒரு வரி சேர்த்தால் போதும். ஜாவாஸ்கிரிப்ட் முறையிலோ சர்வர் அனுப்பும் மூலத்தில் முகவரி என்ற ஒன்றே கிடையாது. அதை உண்டாக்குவதற்கான செய்முறை மட்டும் இருக்கிறது. உலாவி அந்தச் செய்முறையை ஓட்டிப் பார்த்தால்தான் முகவரி பிறக்கும். மிக எளிய வடிவம் இது:

பெயர் = "மலர்"
களம் = "உதாரணம்" + "." + "பரிட்சை"
முகவரி = பெயர் + "@" + களம்

ஜாவாஸ்கிரிப்ட் மாறிகளுக்குத் தமிழ்ப் பெயர் வைக்க அந்த மொழி இடம் தருவதால், மேலே உள்ள மூன்று வரிகளும் அப்படியே உலாவியில் ஓடும். உதாரணம்.பரிட்சை என்பதும் கற்பனை இல்லை. ஆங்கிலம் அல்லாத எழுத்துகளில் களப்பெயர் வைக்க முடியுமா என்று பார்க்க 2007-இல், களப்பெயர்களை நிர்வகிக்கும் ஐகான் அமைப்பு பதினொரு சோதனைக் களங்களைத் திறந்தது. அவற்றுள் தமிழுக்கு வந்தது இதுதான். சோதனை முடிந்து, இப்போது அது புழக்கத்தில் இல்லை. நம் அறுவடை நிரல் இந்த மூன்று வரிகளையும் மேய்ந்தால் @ குறி கண்ணில் படும். ஆனால் அதன் இருபுறமும் மேற்கோள் குறியும் கூட்டல் குறியும்தான் இருக்கின்றன, பெயரும் களமும் ஒட்டியிருக்கவில்லை. வடிவம் பொருந்தாது, நிரல் தாண்டிப் போய்விடும். @ குறியே தெரியாமல் மறைக்க வேண்டுமானால், அதற்குப் பதில் 64 என்ற எண்ணைக் கொடுத்து ‘இந்த எண்ணுக்குரிய எழுத்தைத் தா’ என்று கேட்கலாம். எழுத்துகளைத் தலைகீழாக அடுக்கிவைத்துத் திருப்பிக்கொள்ளலாம். ஆங்கில நெடுங்கணக்கில் ஒவ்வொரு எழுத்தையும் 13 இடம் தள்ளி எழுதும் ராட்13 முறையைக் கையாளலாம். மொத்தம் 26 எழுத்து என்பதால் இன்னொரு 13 இடம் தள்ளினால் பழைய எழுத்து வந்துவிடும்.

இவற்றில் எது எவ்வளவு தாங்கும் என்று ஒருவர் பொறுமையாகச் சோதித்திருக்கிறார். சுவிட்சர்லாந்தைச் சேர்ந்த நிரலாளர் ஒருவர் 2006 முதல் ஏறக்குறைய ஒன்றரை ஆண்டுக்கு ஒன்பது முறைகளில் ஒன்பது முகவரிகளை ஒரே பக்கத்தில் வைத்து, ஒவ்வொன்றுக்கும் வந்த ஸ்பேமை எடைபோட்டார். வெளிப்படையான முகவரிக்கு 21 மெகாபைட் குப்பை சேர்ந்தது. எண்குறி முறைக்கு 1.6 மெகாபைட். ஜாவாஸ்கிரிப்டில் துண்டு துண்டாக எழுதி ஒட்டிய முகவரிக்கு 0.144 மெகாபைட். ராட்13 முறைக்குச் சுழியம். 2003-இல் ஒரு மடல்கூட வராத எண்குறி முறை இந்தச் சோதனையில் கசியத் தொடங்கியிருந்ததைப் பார்க்கலாம்; ஒரு வரி சேர்ப்பதற்கு யாரோ சிலர் மெனக்கெட்டிருக்கிறார்கள். ராட்13-இன் வெற்றியில் ஒரு வேடிக்கை உண்டு. அந்த முறை எழுத்துகளை மட்டும்தான் மாற்றும். @ குறியும் புள்ளியும் இருந்த இடத்திலேயே இருக்கும். ஆகவே அறுவடை நிரலுக்கு முகவரி போலவே தோன்றும் ஒன்று கிடைக்கத்தான் செய்யும். அது இல்லாத ஊருக்கு அனுப்பும் முகவரி. நெல் என்று நினைத்து மூட்டை கட்டியது பதர்.

இந்த மறைப்புக்கெதிரான முதல் ஆட்சேபம் கணினிப் பாதுகாப்புத் துறைக்காரர்களிடமிருந்து வரும், அது மரியாதைக்குரியது. 1883-இல் ஒகுஸ்த் கெர்க்ஹோஃப்ஸ் ராணுவக் குறியாக்கம் பற்றி எழுதியபோது வகுத்த நெறி இன்றும் அத்துறையின் பாலபாடம்: ஒரு முறை எப்படி வேலை செய்கிறது என்பது எதிரிக்கு முழுக்கத் தெரிந்தாலும், திறவுகோல் தெரியாதவரை ரகசியம் காக்கப்பட வேண்டும். நம் ஜாவாஸ்கிரிப்ட் தந்திரம் இந்தத் தேர்வில் தோற்கிறது. முறையும் வெளிப்படை, திறவுகோலும் அதே பக்கத்தில் கூடவே வருகிறது. வர வேண்டியதும்தான், இல்லாவிட்டால் வாசகரின் உலாவியாலும் முகவரியைக் காட்ட முடியாதே. ஆகையால் இதைப் பாதுகாப்பு என்று சொல்வதே ஏமாற்று என்பது அவர்கள் வாதம். குறியாக்கம் என்று பார்த்தால் அவர்கள் சொல்வது முற்றிலும் சரி. ஆனால் கெர்க்ஹோஃப்ஸின் எதிரி ஒரே ஒரு செய்தியை உடைக்க நாள்கணக்கில் உட்காரத் தயாராக இருப்பவன். அந்தச் செய்திக்கு ஒரு போரின் மதிப்பு உண்டு. அறுவடைக்காரருக்கு உங்கள் முகவரியின் மதிப்பு என்ன என்பதுதான் இங்கே கேட்க வேண்டிய கேள்வி.

அதற்கு விடை கண்டுபிடித்தவர்கள் கலிபோர்னியா பல்கலைக்கழகத்தின் சான் டியேகோ, பெர்க்லி வளாகங்களைச் சேர்ந்த ஆய்வாளர்கள். 2008-இல் ‘ஸ்டார்ம்’ என்ற கள்ளக் கணினி வலையின் ஒரு பகுதிக்குள் புகுந்து, அது அனுப்பிய மருந்து விளம்பர மடல்களின் இணைப்பைத் தாங்கள் அமைத்த போலிக் கடைக்குத் திருப்பிவிட்டு, எத்தனை பேர் வாங்க முன்வருகிறார்கள் என்று எண்ணினார்கள். 26 நாளில் 34.75 கோடி மடல்கள் போயின. வாங்க முன்வந்தவர்கள் 28 பேர். ஆளுக்குச் சுமார் 100 டாலர் வீதம், மொத்தம் 2,700 டாலர் சொச்சம். வகுத்துப் பார்த்தால் ஒரு மடலுக்குக் கிடைப்பது ஒரு சென்ட்டில் ஆயிரத்தில் ஒரு பங்குகூட இல்லை. இந்தக் கணக்கோடு கணினியின் கூலியை ஒப்பிடலாம். வாடகைக் கணினியில் ஒரு செயலிக்கு மணிக்கு 4 சென்ட் என்று வைத்துக்கொண்டால், ஒரு நொடிக்கு ஆவது ஒரு சென்ட்டில் 900-இல் ஒரு பங்கு. ஒரு பக்கத்தை முழு உலாவியில் திறந்து, அதன் ஜாவாஸ்கிரிப்ட் அத்தனையும் ஓடி முடியக் காத்திருக்க ஒரு நொடியாவது ஆகும். பெரும்பாலும் அதற்கு மேலேயே ஆகும். ஆக, ஒரு மடலில் கிடைக்கும் வருமானத்தைவிட அந்த ஒரு நொடியின் செலவு அதிகம். சுண்டைக்காய் கால் பணம், சுமைகூலி முக்கால் பணம் என்ற பழமொழியின் கணக்கு இதுதான்.

ஒரே முகவரிக்கு ஆயிரம் மடல் அனுப்புவார்களே, அப்போது செலவு கட்டிவராதா என்று கேட்கலாம். வரும். ஆனால் பெரும்பாலான பக்கங்களில் முகவரியே இருப்பதில்லை என்பதை மறக்கக் கூடாது. நூறு பக்கங்களை ஓட்டிப் பார்த்து ஒரு முகவரி கிடைத்தால், அந்த நூறு நொடிகளின் கூலியும் அந்த ஒன்றின் தலையில்தான் விழும். அதே நூறு பக்கங்களின் மூலத்தை வெறும் எழுத்தாக மேய்ந்தால் செலவு ஆயிரத்தில் ஒரு பங்குக்கும் கீழே. வெளிப்படையாகக் கிடக்கும் முகவரிகள் இன்னும் ஏராளமாக இருக்கும்போது, ஒளித்துவைத்தவற்றைத் தேடிப் போக அறுவடைக்காரருக்கு நியாயமே இல்லை. ஜாவாஸ்கிரிப்ட் தந்திரத்தின் வலிமை முழுவதும் இந்த விலை வித்தியாசத்தில்தான் இருக்கிறது. கணிதச் சிக்கல் எதுவும் அதில் இல்லை.

இரண்டாவது ஆட்சேபம் இன்னும் கூர்மையானது. திரையே இல்லாமல் பின்னணியில் ஓடும் உலாவிகள் இன்று எவர் கையிலும் இருக்கின்றன. 2017 முதல் குரோமிலேயே அந்த வசதி உண்டு. சாதாரண நிரலாளர்கூட பத்து வரியில் அதை இயக்கி, ஜாவாஸ்கிரிப்ட் ஓடி முடிந்த பிறகு உள்ள பக்கத்தை அள்ளிவிடலாம். அதோடு, ஸ்பேம் அனுப்புகிறவர்கள் கணினிக்கு வாடகையா கொடுக்கிறார்கள்? ஊரார் கணினிகளில் வைரஸ் நுழைத்து இலவசமாக ஓட்டுகிறார்கள். பிறகு ஒரு நொடியின் விலை பற்றிப் பேசுவதில் என்ன பொருள்? இதற்கு என் பதில்: திருடிய கணினிக்கும் விலை உண்டு. அதே நொடியில் அந்தக் கணினி ஸ்பேம் மடல் அனுப்பலாம், கிரிப்டோ நாணயம் தோண்டலாம், வேறொருவருக்கு வாடகைக்கும் போகலாம். திருடனும் தன் கையிருப்பை அதிக வருமானம் வரும் வேலைக்கே திருப்புவான். முழு உலாவியை ஓட்டினால் நினைவகமும் அலைவரிசையும் கரையும். நடுத்தரமான வலைப்பக்கம் ஒன்று படங்களும் நிரல்களும் சேர்ந்து 2 மெகாபைட்டைத் தாண்டுகிறது. கணினி மந்தமானால் அதன் சொந்தக்காரருக்குச் சந்தேகமும் வரும். உலாவியை ஓட்டும் அறுவடைக்காரர்கள் இல்லை என்று நான் சொல்லவில்லை; அவர்கள் எண்ணிக்கை குறைவாகவே இருக்கும் என்பதற்குக் காரணம் இருக்கிறது என்கிறேன். அவர்களுக்காகவும் ஒரு படி ஏறலாம்: பக்கம் திறந்ததுமே முகவரியைக் காட்டாமல், வாசகர் ஒரு பொத்தானைத் தட்டிய பிறகு காட்டுவது. எந்தப் பொத்தானைத் தட்ட வேண்டும் என்று தளத்துக்குத் தளம் யோசிக்க வேண்டியிருந்தால் அறுவடைக்காரரின் கணக்கு மறுபடி இடிக்கும்.

அந்த ‘தளத்துக்குத் தளம்’ என்பதில்தான் இந்தக் கலையின் சூட்சுமம் இருக்கிறது, பலரும் கோட்டை விடுவதும் அங்கேதான். இணையத்தில் மிகப் பரவலாகப் புழங்கும் மறைப்பு கிளவுட்ஃபிளேர் நிறுவனத்துடையது. அதன் நிறுவனர்களுள் இருவர் இதற்கு முன் அறுவடை நிரல்களுக்குப் பொறிவைக்கும் ‘ப்ராஜெக்ட் ஹனி பாட்’ என்ற திட்டத்தை 2004-இல் தொடங்கியவர்கள் என்பதால் விஷயம் அறிந்தவர்கள். அவர்கள் வழி இது: முகவரியின் ஒவ்வொரு எழுத்தின் எண்ணையும் ஒரு ரகசிய எண்ணோடு ‘எக்ஸார்’ செய்கிறார்கள். அதாவது இரண்டையும் இரும எண்ணாக எழுதி, இலக்கங்கள் வேறுபட்டால் 1, ஒன்றாக இருந்தால் 0 என்று குறிப்பது. @ குறியின் எண் 64, இருமத்தில் 01000000. ரகசிய எண் 42 என்று கொண்டால் 00101010. எக்ஸார் செய்தால் 01101010, அதாவது 106. அந்த 106-ஐ மறுபடி 42-ஓடு எக்ஸார் செய்தால் பழைய 64 வந்துவிடும். புள்ளியின் எண் 46. அது இதே கணக்கில் 4 ஆகிவிடும். இப்படி உருமாறிய எண்களின் வரிசைக்கு முன்னால் அந்த ரகசிய எண்ணையும் வைத்துப் பக்கத்தில் அனுப்புகிறார்கள். ஒரு சிறு ஜாவாஸ்கிரிப்ட் அதைப் பிரித்து முகவரியைக் காட்டுகிறது.

அழகான, சிக்கனமான முறை. ஆனால் கோடிக்கணக்கான பக்கங்களில் ஒரே முறை. அதை அவிழ்க்க உலாவியே தேவையில்லை: முதல் எண்ணை எடு, மற்றவற்றோடு எக்ஸார் செய், முடிந்தது. இதற்கான ஐந்தாறு வரி நிரல்கள் இணையமெங்கும் கிடைக்கின்றன. முழு உலாவியை ஓட்டும் ஒரு நொடிச் செலவு இங்கே மீண்டும் மில்லிநொடிக்கு இறங்கிவிடுகிறது. அதுவும் ஒருமுறை எழுதிய ஐந்து வரி கோடிக்கணக்கான பக்கங்களுக்குப் பலன் தருகிறது. நீங்களே உங்கள் விருப்பப்படி எழுதிய கோணல்மாணலான மூன்று வரி ஜாவாஸ்கிரிப்ட் கணிதத்தில் இதைவிட எளிமையாக இருக்கலாம். ஆனால் அதை அவிழ்க்க ஒருவர் உங்கள் பக்கத்துக்கென்று தனியாக யோசிக்க வேண்டும். கிடைப்பதோ ஒரே ஒரு முகவரி. மென்பொருளில் ஊரோடு ஒத்துவாழ்வதே நல்லது என்பது பொதுவான அறிவுரை, குறியாக்கத்தில் அதுவே கட்டாயம். இந்தச் சின்னக் கலையில் மட்டும் அது தலைகீழ். இன்னொரு பக்கவிளைவும் உண்டு: தானியங்கி மறைப்புகள் @ குறி கண்ட இடமெல்லாம் பாயும். நிரல் பாடங்களில் வரும், மின்னஞ்சலே அல்லாத சர்வர் பெயர்களையும் முகவரி என்று நினைத்து மறைத்துவிடும். ஜாவாஸ்கிரிப்ட் ஓடாத இடத்தில் படிக்கும் மாணவர் அந்தக் கட்டளையில் இருக்க வேண்டிய சொல்லைக் காணாமல் திண்டாட வேண்டியதுதான்.

மூன்றாவதாக ஒரு கூட்டம், எல்லாம் ஏற்கெனவே கசிந்துவிட்டது, இனி ஒளித்து என்ன பயன் என்று கேட்கும். 2019 ஜனவரியில் வெளிவந்த ‘கலெக்‌ஷன் 1’ என்ற ஒரே தொகுப்பில் மட்டும் 77 கோடிக்கும் மேற்பட்ட முகவரிகள் இருந்தன. கூடவே, ஜிமெயில் போன்றவை 99.9 சதவீதத்துக்கும் மேற்பட்ட ஸ்பேமைத் தடுப்பதாகச் சொல்கின்றன. இரண்டும் உண்மைதான். ஆனால் வடிகட்டி என்பது தவறும் செய்யும். குப்பை அதிகம் வரும் பெட்டியில் நல்ல மடலும் குப்பைக்குப் போகும் வாய்ப்பு அதிகம். சொந்தக் களத்தில் சிறிய சர்வர் வைத்திருப்பவர்களுக்குக் கூகுளின் வடிகட்டி கிடைப்பதும் இல்லை. சட்டத்தை நம்பலாமா என்றால், அமெரிக்கா 2003-லேயே அறுவடையைக் குற்றத்தின் கடுமையைக் கூட்டும் செயலாக்கியது, ஆஸ்திரேலியா அதே ஆண்டு அறுவடை மென்பொருளையே தடைசெய்தது, ஸ்பேம் நின்றுவிடவில்லை. இந்தியாவின் 2023-ஆம் ஆண்டு தரவுப் பாதுகாப்புச் சட்டமோ, ஒருவர் தானாகப் பொதுவெளியில் வைத்த தனிப்பட்ட தகவலுக்குப் பொருந்தவே பொருந்தாது. வெளிப்படையாகப் போட்டுவைத்தவருக்கு அந்தச் சட்டம் துணைக்கு வராது.

இந்தத் தந்திரம் எதற்குப் பயன்படாது என்பதையும் சொல்லியாக வேண்டும். குறிப்பிட்ட ஒரு நிறுவனத்தின் கணக்காளரைக் குறிவைத்து, முதலாளி பெயரில் ‘உடனே பணம் அனுப்பு’ என்று மடல் எழுதும் மோசடிக்காரர் முன் இது ஒன்றுமில்லை. அந்த வகை மோசடியில் 2023-இல் மட்டும் 290 கோடி டாலர் இழப்பு ஏற்பட்டதாக அமெரிக்காவின் எஃப்பிஐக்குப் புகார்கள் வந்தன. அவ்வளவு வருமானம் எதிர்பார்க்கும் ஆள் உங்கள் பக்கத்தைத் தன் கண்ணாலேயே திறந்து படிப்பார். செலவைக் கூட்டும் தந்திரம், செலவழிக்கத் தயங்குகிறவரைத்தான் தடுக்கும். பெருமொழி மாதிரிகளும் இப்படித்தான்: எந்த உருமாற்றத்தையும் அவை படித்துப் புரிந்துகொள்ளும், ஆனால் பக்கத்துக்குப் பக்கம் அவற்றிடம் கேட்பது உலாவியை ஓட்டுவதைவிட மலிவாக இல்லை. அது மலிவாகும் நாளில் இந்த அத்தியாயத்தின் கணக்கைத் திருத்தி எழுத வேண்டியிருக்கும்.

எல்லாவற்றையும்விட எனக்குக் கனமாகப் படும் ஆட்சேபம் வேறு: அறுவடைக்காரரின் செலவைக் கூட்டப்போய் வாசகரின் செலவையும் கூட்டுகிறோமே என்பது. பார்வையற்றவர் பயன்படுத்தும் திரைவாசிப்பான், முகவரியைப் படமாகப் போட்டால் ஊமையாகிவிடும். எழுத்துகளைத் தலைகீழாக எழுதி அலங்கார விதிகளால் நேராகக் காட்டும் முறையில், நகலெடுத்து ஒட்டினால் தலைகீழ் முகவரிதான் ஒட்டும். இணைப்பு பலவீனமான இடத்தில் ஜாவாஸ்கிரிப்ட் கோப்பு வந்துசேராமலே போகலாம். நம் அரசுத் தளங்களில் மாவட்ட அலுவலக முகவரிகளை @ குறிக்குப் பதில் சதுர அடைப்புக்குள் ‘ஏட்’ என்றும், புள்ளிக்குப் பதில் ‘டாட்’ என்றும் எழுதும் வழக்கம் எல்லாரும் பார்த்ததே. ஆய்வுகளின்படி அந்த முறை ஸ்பேமை நன்றாகவே குறைக்கிறது. மேலே சொன்ன சுவிஸ் சோதனையிலும் அதற்கு வந்தது 0.1 மெகாபைட்டுக்குக் குறைவு. ஆனால் மனு அனுப்ப வந்த குடிமகன் கைபேசியில் அதைத் தட்டினால் எதுவும் திறக்காது. ஒவ்வொரு எழுத்தாகத் தானே அடிக்க வேண்டும், அடைப்பை நீக்கி @ போட வேண்டும் என்பதும் தெரிந்திருக்க வேண்டும். ஓர் அரசு அலுவலகம் தன் ஸ்பேம் தொல்லையைக் குடிமக்களின் விரல்களுக்கு மாற்றிவிடுவது நியாயம் என்று எனக்குத் தோன்றவில்லை. பொதுமக்கள் எழுத வேண்டும் என்பதற்காகவே உள்ள முகவரி வெளிப்படையாக இருக்கட்டும், வடிகட்டிக்கான செலவை அலுவலகம் ஏற்கட்டும். ஆசிரியரோ, ஆய்வு மாணவரோ, ஒரு சிறு சங்கத்தின் பொருளாளரோ வைத்திருக்கும் தனிப்பட்ட முகவரி வேறு வகை. அதற்கு ஜாவாஸ்கிரிப்ட் மறைப்பு பொருந்தும். ஒழுங்காக எழுதினால் அது ஓடி முடிந்த பிறகு பக்கத்தில் இருப்பது உண்மையான எழுத்தும் உண்மையான இணைப்பும்தான். திரைவாசிப்பான் படிக்கும், தட்டினால் மடல் திறக்கும், நகலும் சரியாக வரும். அது ஓடாத வாசகருக்காக அதே இடத்தில் ஒரு தொடர்புப் படிவத்தின் இணைப்பை விட்டுவைப்பது இரண்டு வரி வேலை.

ஒன்று மட்டும்: இந்த மறைப்பை இப்போது செய்தாலும் அது பின்னோக்கிப் பலிக்காது. காமன் க்ரால் என்ற லாபநோக்கற்ற அமைப்பு கோடிக்கணக்கான வலைப்பக்கங்களை அவ்வப்போது நகலெடுத்து, யாரும் இறக்கிக்கொள்ளும்படி காப்பகமாக வைக்கிறது. மொழி மாதிரிகளுக்கான பயிற்சித் தரவில் பெரும்பங்கு அங்கிருந்து வருகிறது. அது ஜாவாஸ்கிரிப்டை ஓட்டுவதில்லை. சர்வர் தந்த மூலத்தை அப்படியே சேமிக்கிறது. ஆகவே நிரலுக்குள் ஒளித்த முகவரி முகவரியாக அந்தக் காப்பகத்தில் போய்ச் சேர்வதில்லை, வெளிப்படையாக இருந்தது அன்றைய தேதியோடு அங்கேயே தங்கிவிடுகிறது. முன்பு பார்த்த 2003 ஆய்வில், பக்கத்திலிருந்து நீக்கிய முகவரிகளுக்கு வந்த ஸ்பேம் விரைவிலேயே குறைந்தது. அறுவடைக்காரர்கள் புதிய சரக்கைத்தான் விரும்பினார்கள். பழைய பக்கங்களின் நகல் இப்படி இலவசமாகக் கிடைக்கும் காலத்தில் அந்த முடிவு அப்படியே நிற்குமா என்பது சந்தேகம். பல ஆண்டுகளாகப் பக்கத்தின் அடியில் வெளிப்படையாகக் கிடந்த முகவரியை இன்று ஜாவாஸ்கிரிப்டுக்குள் எடுத்துவைப்பதைவிட, புதிய முகவரி ஒன்றைத் தொடங்கி அதை முதல் நாளிலிருந்தே நிரலுக்குள் வைத்து, பழையதற்கு வரும் மடல்களைச் சில மாதம் மட்டும் திருப்பிவிட்டுப் பிறகு மூடிவிடுவதே காரியத்துக்கு ஆகும்.